சம்பந்திக்கு ஒரு தனி அறை

சம்பந்தி வாளிக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் சமையலறை நடுவில் நின்று சம்பந்தியைப் பார்த்தான். வாளியை எங்கே இறக்கி வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மேடைமேல் வைக்க முடியாது. அதை இப்போதுதான் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்திருந்தான். பாத்திரம் கழுவும் சிங்க்கில் வைக்கவே கூடாது. பதினோரு வருடமாகச் சம்பந்தியின் கண்ணாடித் தொட்டியையும், கூழாங்கற்களையும், அவர் ஏறிப் படுக்கும் தட்டைக் கல்லையும் அந்த சிங்க்கில்தான், தட்டுகளுக்கும் டம்ளர்களுக்கும் பக்கத்திலேயே வைத்துக் கழுவி வந்தான். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இன்று காலைதான் ஒரு தாள் அவனுக்குச் சொல்லியிருந்தது.

சம்பந்தி ஓர் ஆமை. வந்தபோது பிஸ்கட் அளவு இருந்தார். இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. வந்ததிலிருந்து முகத்தில் ஒரே பாவனைதான்: கல்யாண வீட்டில் தன்னை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்று மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் பாவனை. பேர் பொருந்தித்தான் இருந்தது.

தாள் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின்கீழ் இருந்தது. ஆஸ்பத்திரித் தாள். மெக்கானிக்கின் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து ஐந்து வாரமாகிறது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சிறுநீரகம். புதிதாக வந்த அந்த விருந்தாளியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் காவலாளிகளைத் தூங்க வைக்கும் மாத்திரைகளை அவள் இனி ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். காவலாளி தூங்கும் வீட்டில் எந்தக் கதவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தத் தாள். மொத்தம் பத்தொன்பது விதிகள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம் முடிந்தபோது அவள்தான் அதை மடித்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். “நர்ஸ் கொடுத்தாங்க. வீட்டுக்குப் போய் நிதானமாப் படிங்க.”

படித்தான். பதினொன்று வரை பிரச்சினை இல்லை. பன்னிரண்டாவது இப்படி இருந்தது:

‘ஆமை, பல்லி, பாம்பு, தவளை முதலியவற்றை வீட்டில் வளர்க்கக் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில், நோயாளி புழங்காத தனி அறையில் வைத்து வேறொருவர் பராமரிக்கலாம். தொட்டி, நீர், உணவு எதுவும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவவும்.’

முதல் வாக்கியத்தின் அடியில் மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடுகள். அச்சடித்ததுபோல நேரான கோடுகள். அந்த நர்ஸின் வேலைதான் என்று அவன் முடிவு கட்டினான். கழுத்தில் கயிறு கட்டிச் சிவப்புப் பேனாவைத் தொங்கவிட்டிருக்கும் மனுஷி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்வையிட வருகிறாள். அவள் கையெழுத்துப் போட்டால் அன்று மாலையே மனைவி வீட்டுக்கு வரலாம். போடாவிட்டால் இன்னொரு வாரம் அதே கட்டில், அதே கண்ணாடி ஜன்னல்.

இன்று திங்கள். தொலைபேசி அடித்தது. மெக்கானிக் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, பிறகுதான் எடுத்தான்.

“ஏன் இவ்வளவு நேரம்?” என்றாள் மனைவி.

“கை கழுவிட்டிருந்தேன் டீச்சர்.”

அவள் ஜியோமெட்ரி டீச்சர். ஸ்கேலும் காம்பஸும் இல்லாமல் கரும்பலகையில் வட்டமும் கோடும் போட்டுக் காட்டினால் பின் பெஞ்சுகூட வாயைப் பிளக்கும். ஊரே டீச்சர் என்று கூப்பிட்டதில் அவனுக்கும் அதுவே பழகிவிட்டது.

“தாளைப் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“பன்னிரண்டாவது?”

“அதையும் படிச்சேன்.”

“அது… எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. உன்னைத்தான் தேடுது.”

“தேடுதா?”

“கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு வாசலையே பாக்குது. நீ ஒண்ணும் கவலைப்படாத. கோடு போட்டா என்ன, கட்டம் போட்டா என்ன? அதை நான் அனுப்பவே மாட்டேன்.”

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. நெஞ்சு நெகிழ்ந்துபோய் அவன் போனை வைத்தான்.

இதில் வெளியே சொல்ல முடியாத ஒரு விஷயம் உண்டு. மெக்கானிக்குக்குச் சம்பந்தியைப் பிடிக்காது. பிடிக்காது என்றால், அந்த வாடை பிடிக்காது, மந்தமாக முறைக்கும் அந்தப் பார்வை பிடிக்காது, இரண்டு முறை விரலைக் கவ்வியதை அவன் மன்னிக்கவும் இல்லை. ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் பரிசுக் குவியலில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பேர் எழுதவில்லை. இருவருமாகத்தான் திறந்தார்கள். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அவள் கை நெஞ்சுக்குப் போயிற்று, கண் கலங்கிவிட்டது. பெண் வீட்டுப் பரிசு, பிறந்த வீட்டு ஞாபகம் என்று அவனுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. “அட, சம்பந்தி வந்துட்டாரா!” என்றான். அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்றைக்கு வைத்த பேர்.

மனைவி வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, ஆமைக்கும் செய்வதா என்று முதல் வாரத்திலேயே அந்தப் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். அவளும் மறுக்காமல் விட்டுக்கொடுத்தாள். சில நாள் அவன் தொட்டி கழுவுவதைத் தூரத்தில் நின்று பார்ப்பாள். எவ்வளவு ஆசை இருந்தால் அப்படிப் பார்ப்பாள்!

அவன் வேலை லிஃப்ட்டுகளைப் பழுது பார்ப்பது. லிஃப்ட்டில் போகிறவர்களுக்குத் தெரியாது, அவர்கள் மேலே ஏறும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புப் பாரம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று. அந்த எதிர்ப்பாரம் இல்லாவிட்டால் எந்தப் பெட்டியும் ஏறாது. கல்யாணமும் அப்படித்தான் என்று நினைப்பான். ஒருவர் ஏற ஒருவர் சத்தம் காட்டாமல் இறங்க வேண்டும். சம்பந்தி அவன் இறங்கிய இறக்கம்.

முதல் ஏற்பாடாகத் தொட்டியைக் குளியலறைக்கு மாற்றினான். குழாய் பக்கத்திலேயே இருந்தது, சமையலறை தூரத்தில் இருந்தது. பெருமையோடு கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக்குக் கீழே டீச்சரின் பல் துலக்கும் பிரஷ் ஒரு கோப்பையில் நின்றது. வீட்டில் குளியலறை ஒன்றுதான். ‘நோயாளி புழங்காத தனி அறை.’

பிரஷ்ஷைத் தூக்கிக் குப்பையில் போட்டான். கோப்பையையும் போட்டான். குளியலறையை முழுக்கத் தேய்த்துக் கழுவினான். செவ்வாய்க்கிழமை காலை, தொட்டி பால்கனிக்குப் போனது.

பால்கனி நல்ல யோசனைதான். வெயில் இருந்தது, காற்று இருந்தது. பழைய தண்ணீரை இறைத்து ஊற்றத் தரையில் துளையும் இருந்தது. அந்தத் துளை எங்கே போகிறது என்று மெக்கானிக் விசாரித்ததில்லை. ஐந்தாவது நிமிடம் அழைப்புமணி அடித்தபோது தெரிந்தது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா தோளில் ஈரத் துணிகளோடு நின்றாள். “தம்பி, மழை பேஞ்சா வானத்தைத் திட்டலாம். இது பச்சைக் கலர்ல பேயுதே, யாரைத் திட்டுறது?”

“ஐயோ அக்கா, ஆமைத் தண்ணி.”

“ஆமைத் தண்ணியா? ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. அதைக் கழுவின தண்ணியை என் வீட்டுக்கு இறக்கிவிடறியா?”

“அது தானாப் புகுந்தது இல்லக்கா. பெட்டியில வச்சுக் கொண்டு வந்தது.”

“எல்லாக் கஷ்டமும் பெட்டியிலதான் வருது. இதப் பாரு, பேத்தி கவுன். நேத்துத்தான் தைச்சு முடிச்சேன்.”

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது. “பேத்திக்கு என்ன வயசு?”

“ரெண்டு.”

தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். ஆமை ஆரோக்கியமாகவே இருக்கும். அதன் மேலும் அதன் நீரிலும் இருக்கும் சால்மோனெல்லா என்ற கிருமிதான் வில்லி. அந்தப் பேரை முதலில் படித்தபோது ஏதோ மொழிபெயர்ப்பு நாவலில் வரும் பணக்கார விதவையின் பேர்போல அவனுக்குத் தோன்றியது. இப்போது அந்த விதவை ஒரு குட்டிக் கவுனின் விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அந்தத் துணியெல்லாம் இங்க குடுங்க. நானே வெந்நீர்ல துவைச்சுத் தரேன். குழந்தை அதைத் தொட்டுச்சா? வாயில வச்சுச்சா?”

“இல்லப்பா, அது தூங்குது. நீ ஏன் இப்படி நடுங்கற?”

“நீங்க முதல்ல உள்ள வந்து கையைக் கழுவுங்க. இருபது எண்ணுங்க. சீக்கிரம் எண்ணக்கூடாது.”

தையல்காரம்மா வாழ்நாளில் முதல்முறையாக இன்னொருவர் சொல்லி எண்ணினாள். பதினாலில் நிறுத்திவிட்டு, “உன் பொண்டாட்டி எப்ப வர்றா?” என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து எண்ணச் சொன்னான்.

இனி ஒரே வழி, மனைவி உடம்பு தேறும்வரை சம்பந்தியை வெளியே எங்காவது தங்க வைப்பது. மதியம் மச்சானுக்கு, அதாவது டீச்சரின் தம்பிக்கு, போன் போட்டான்.

“ஆமையா? மாமா, என் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்.”

“சரி சரி, வேண்டாம், வேண்டவே வேண்டாம். உங்க வீட்டுப் பொருளாச்சேன்னு கேட்டேன்.”

“எங்க வீட்டுப் பொருளா?” மச்சான் சிரித்தான். “அக்கா சின்ன வயசுல பல்லியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறிடுவா. நாங்க விளக்கைப் போட்டு, துடைப்பம் எடுத்து, அதை விரட்டினப்புறம்தான் இறங்குவா. அவ ஆமை வளக்கறதை நினைச்சா இன்னும் ஆச்சரியமா இருக்கு.”

மெக்கானிக் நெகிழ்ந்துபோனான். பல்லிக்குப் பயந்தவள்! ஆனாலும் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்காக… அன்பு மனிதர்களை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது!

சாயங்காலத்துக்குள் இன்னும் ஏழு பேரைக் கேட்டான். ஒரு வீட்டில் கைக்குழந்தை. ஒரு வீட்டில் எண்பது வயது அப்பா. ஒருவருக்கு மூட்டுவலிக்கு ஏதோ ஊசி போடுகிறார்கள், எதிர்ப்புச் சக்தி குறையுமாம். இன்னொரு வீட்டில் மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருப்பதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்தான் முதலில் சொன்னார்கள். தெருவில் விறைப்பாக நடந்துபோகும் இத்தனை பேரும் வீட்டுக்குள் யாரோ ஒருவரைப் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு அதுவரை தெரிந்ததில்லை. தன் வீட்டில் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தான். பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து போகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை அவனுக்கு அந்த யோசனை வந்தது. மெஷின் ரூம்!

பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட்டின் மோட்டார் இருக்கும் அறை. பூட்டிய கதவு. சாவி அவனிடமும் ஃபோர்மேனிடமும் மட்டும்தான். கதகதப்பான இடம். குழந்தை வராது, கர்ப்பிணி வரமாட்டாள். சம்பந்தியைக் கருவிப் பெட்டியில் வைத்து, மேலே பழைய துணி போர்த்தி, லிஃப்ட்டில் ஏற்றினான்.

பதினோராவது மாடியில் பெட்டியை லிஃப்ட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, மெஷின் ரூம் கம்பிக் கதவைத் திறக்க நாலடி போனான். பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவன் திரும்பிப் பார்க்கும்போது லிஃப்ட் கதவு சாவகாசமாக மூடிக்கொண்டிருந்தது. பதினேழு வருடமாக லிஃப்ட்டுகளோடு வாழ்கிறவன், கதவு தானாக மூடும் என்பதை மறந்துவிட்டான்.

மேலே எண்கள் மாறின. பத்து. ஒன்பது. எட்டு. நான்கில் நின்றது.

அவன் படிகளில் இறங்கி ஓடினான். நான்காவது மாடி இன்சூரன்ஸ் அலுவலகம். லிஃப்ட் வாசலில் ஆறு பேர் கூட்டமாக நின்றார்கள். நடுவில் ஒரு பெண் சம்பந்தியை இரண்டு கையாலும் தூக்கிக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். இன்னொருவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“முத்தம் கொடுக்கற மாதிரி ஒண்ணு” என்றான் படம் எடுப்பவன்.

“கொடுக்காதீங்க!” என்று மெக்கானிக் கத்திய கத்தலில் சம்பந்தி ஓட்டுக்குள் போய்விட்டார். “கீழ வைங்க! முகத்தைத் தொடாதீங்க! யாரெல்லாம் தொட்டீங்க? கையைத் தூக்குங்க!”

ஆறு கைகளும் உயர்ந்தன. ஒருவன் மற்றொரு கையால் சமோசா போன்ற எதையோ வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

“துப்புங்க!”

“சார், யார் நீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

எதற்கு என்று தெரியாமலே துப்பினான். அதிகாரத்தோடு சொல்லப்படும் எதற்கும் அலுவலகங்களில் மனிதர்கள் கட்டுப்படுவார்கள். கை கழுவச் சொன்னதும் எல்லோரும் டீ போடும் அறைக்குப் போனார்கள்.

“அங்க வேண்டாம், டம்ளர் இருக்கிற இடம்! பாத்ரூமுக்கு! வரிசையா!”

லிஃப்ட்டை நிறுத்தினான். ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற பலகையைத் தொங்கவிட்டான். உள்ளே பொத்தான்கள், கைப்பிடி, தரை எல்லாவற்றையும் துடைக்கத் தொடங்கினான். ஃபோர்மேன் பதினோரு மாடி படியேறி, மேலே தேடி, மூச்சிரைக்க மறுபடி நான்காவதுக்கு இறங்கி வந்தபோது கண்டது இதுதான்: ஓடாத லிஃப்ட், அதற்குள் முட்டி போட்டு எண்களைச் சோப்பால் கழுவும் தன் ஆள், கழிப்பறைக்குள்ளிருந்து கோரஸாக “பதினெட்டு, பத்தொன்பது, இருபது.”

“என்னய்யா நடக்குது இங்க?”

மெக்கானிக் எல்லாவற்றையும் சொன்னான். டீச்சர், சிறுநீரகம், பன்னிரண்டாவது விதி, சிவப்புக் கோடு. ஃபோர்மேன் திட்டத் தயாராக வாயைத் திறந்தவர், சம்பந்தியைப் பார்த்ததும் அப்படியே குனிந்துவிட்டார். யானை உடம்பு. முப்பது வருடத்தில் காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி வீடு, பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி சும்மா கிடக்கிறது.

“எவ்வளவு அழகா முறைக்கிறான் பாரு” என்றார். “ஏம்பா, இவனை எனக்குக் கொடுத்துடேன். சின்ன வயசிலேர்ந்து ஆசை. கை கழுவறதெல்லாம் நான் ஒழுங்காச் செய்வேன். நூறு வேணாலும் எண்ணுவேன்.”

மெக்கானிக்கின் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்து காற்று வந்ததுபோல இருந்தது. “ரொம்ப நன்றி சார். மூணு மாசம் வச்சிருங்க, அப்புறம்…”

“அதெல்லாம் முடியாது. பழகிட்டா என்னால பிரிய முடியாது. கொடுத்தா கொடுத்ததுதான். திருப்பிக் கேக்கக்கூடாது.”

கதவு மூடிக்கொண்டது. “இல்ல சார். அது என் மனைவியோட உயிரு.”

“நல்லா யோசி.”

“யோசிக்கவே வேண்டாம் சார்.”

ஃபோர்மேன் சம்பந்தியின் ஓட்டை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, தானாகவே போய் வரிசையில் கடைசியாக நின்று கையைக் கழுவினார். பிறகு திரும்பி வந்து, “ரெண்டு நாள் லீவு எடுத்துக்க. இந்தப் பக்கம் வராத” என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் டீச்சரே கூப்பிட்டாள். குரல் மெலிந்திருந்தது.

“தம்பி சொன்னான். ஊரெல்லாம் கேட்டீங்களாம். உங்களுக்கு ஏன் இவ்வளவு சிரமம்? யாராவது கேட்டா கொடுத்துடுங்க. எனக்குப் பரவாயில்லை.”

அந்த வார்த்தையை மெக்கானிக் நன்றாக அறிவான். கடைசித் துண்டு கேக்கை அவன் தட்டில் தள்ளும்போது சொல்வது அது. ஆஸ்பத்திரியில் முதல் வாரம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு குழாய்களோடு படுத்துக்கொண்டு உதட்டசைவில் சொன்னதும் அதுதான். பதினோரு வருடத்தில் அவள் ‘பரவாயில்லை’ என்ற எதுவும் அவளுக்கு உண்மையில் பரவாயில்லையாக இருந்ததில்லை.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நீயும் வீட்டுக்கு வருவ, அதுவும் வீட்டுல இருக்கும்.”

“நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க…”

“நீ தெம்பா இரு. மத்ததை என்கிட்ட விடு.”

எப்போதும் ‘பரவாயில்லை’ என்று சொல்லியே விட்டுக்கொடுப்பவளுக்கு, ஒரு தடவையாவது ஒன்றை விட்டுக்கொடுக்காமல் வைத்துக் காட்ட வேண்டும். அவன் தாளை மறுபடி படித்தான். முதல் வாக்கியத்துக்குத்தான் கோடு. இரண்டாவது வாக்கியத்துக்கு இல்லை. ‘தவிர்க்க முடியாத நிலையில், தனி அறையில்.’

வீட்டுக் கோடியில் பழைய சாமான் போடும் அறை ஒன்று இருந்தது. அதற்கு வெளியிலிருந்து, பின்பக்கப் படிக்கட்டு வழியாகவும் ஒரு கதவு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தான். சாமான்களை அகற்றினான். வீட்டுப் பக்கக் கதவை அடைத்து இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினான். உள்ளே தனியாக ஒரு பேசின் பொருத்தினான். கழிவுநீர்க் குழாயைத் தேடிப் போய், அது யார் தலையிலும் விழாமல் நேராகச் சாக்கடைக்குப் போகிறதா என்று வண்ணப் பொடி கரைத்து ஊற்றிப் பார்த்தான். தையல்காரம்மாவைக் கீழே காவலுக்கு நிறுத்தியிருந்தான்.

“வரலைப்பா! சுத்தமா வரலை! ஆனா நீ பைத்தியமாயிட்டே!”

அதோடு நிற்கவில்லை. கையால் குழாயைத் திறந்தால் குழாயில் ஒட்டுமே? பழைய லிஃப்ட்டிலிருந்து கழற்றிய இரும்பு மிதியைக் குழாயோடு இணைத்தான். காலால் மிதித்தால் தண்ணீர். எண்ணும்போது மனம் அவசரப்படுமே? லிஃப்ட் மாடிக்கு வந்தால் அடிக்கும் மணி ஒன்றை அதில் கோர்த்தான். மிதித்து இருபதாவது விநாடி ‘டிங்’ என்று அடிக்கும். தனி ஏப்ரன், தனிச் செருப்பு, தனி வாளி, மூடி போட்ட தனிக் குப்பைக்கூடை. சம்பந்தியின் உணவு டப்பாவின்மேல் பெரிய எழுத்தில், ‘சமையலறைக்குப் போனால் கொலை.’

சாயங்காலம் சம்பந்தி குடி புகுந்தார். கல்மேல் ஏறி, அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, இதுவும் போதாது என்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்துக்கு நர்ஸ் வந்தாள். கழுத்தில் அதே சிவப்புப் பேனா. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டினாள். தலையணை உறைகளை மோந்தாள். குளியலறையில் புது பிரஷ்ஷைக் கண்டு தலையாட்டினாள். கடைசியாகக் கேட்டாள்.

“ஆமை?”

“இருக்கு சிஸ்டர்.”

“இன்னும் இருக்கா?” நர்ஸின் புருவம் நெற்றியின் பாதிக்குப் போனது.

“தவிர்க்க முடியாத நிலை சிஸ்டர். ரெண்டாவது வாக்கியம்.”

பின்படிக்கட்டு வழியே அழைத்துப் போனான். ஏப்ரன் மாட்டினான். செருப்பு மாற்றினான். சம்பந்தியை எடுத்து, தொட்டியின் தண்ணீரை மாற்றி, அவரைத் திரும்ப வைத்து, மிதியை மிதித்து, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்த்தான். டிங்.

நர்ஸும் ஒரு தடவை மிதித்துக் கை கழுவிப் பார்த்தாள். டிங் அடித்ததும் சின்னப் பெண்போல அவள் முகம் மலர்ந்தது.

“எங்க வார்டுலகூட இது இல்லையே சார்.”

“வேணும்னா செஞ்சு தரேன் சிஸ்டர்.”

“ஆமையே இல்லாம இருக்கிறதுதான் நல்லது. அதை நான் சொல்லியே ஆகணும். ஆனா இதுக்கு மேல பாதுகாப்பா வைக்க முடியாது. உங்க மனைவி இந்தப் பக்கக் கதவைத் தொடவே கூடாது.”

“தொடமாட்டா. கண்ணாடி வழியா மட்டும் பாத்துக்கட்டும். நான் அடைச்சிருக்கிற கதவுல அதுக்குன்னு சின்னதா ஒரு கண்ணாடி வச்சிருக்கேன். அவ கட்டில்லேர்ந்து பாத்தா நேரா தெரியும்.”

நர்ஸ் அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அதற்கு நேரே போட்டிருந்த கட்டிலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள் சொல்லாமல் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குள் திரும்பியதும் மெக்கானிக் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்று மாலை அந்த எதிர் நாற்காலியில் ஆள் இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்கு முன் கை சுத்தமாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

“ஒரு உண்மையைச் சொல்றேன் சிஸ்டர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு அந்த ஆமையைக் கண்டாலே ஆகாது. முந்தாநாள்கூட எங்க ஃபோர்மேன் எனக்குக் கொடுன்னு கெஞ்சினாரு. எல்லாம் டீச்சருக்காகத்தான். அவளுக்கு அது உயிரு.”

நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“நீங்க மட்டும் அன்னைக்கு இவ்வளவு கண்டிப்பா ரெண்டு கோடு போடாம இருந்திருந்தா, நான் இதுல பாதிகூடச் செஞ்சிருக்க மாட்டேன்” என்று அவன் ஃபிரிட்ஜிலிருந்த தாளைக் காட்டினான். “உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

நர்ஸ் தாளைப் பார்த்தாள். ஸ்கேல் வைக்காமலே அவ்வளவு நேராக ஓடிய அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தாள்.

“கோடு நான் போடலை சார். உங்க வீட்டம்மாதான் என் பேனாவை வாங்கிப் போட்டாங்க. ‘பதினோரு வருஷமா அவருக்காகத்தான் சிஸ்டர் அந்த ஆமையைச் சகிச்சுக்கிட்டிருக்கேன், கோடு நீங்க போட்டதாவே இருக்கட்டும்’னு.”